குழுவில் நகைச்சுவைத் துணுக்கு அனுப்புமுன்

சிங்கப்பூரில் நம் அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு துணுக்கை அனுப்புமுன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘ஆறு’ என்ற சொல் நதியாகவும் எண்ணாகவும் நின்று சிரிப்பூட்டும் சிலேடை, தமிழறியாத சீன, மலாய் அண்டைவீட்டாருக்கு மொழிபெயர்ப்பில் வெறும் சொற்களாகவே போய்ச் சேரும். உணவங்காடி மேசையில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம்பிடிப்பது போன்ற, எல்லாரும் அன்றாடம் காணும் காட்சிகளே அங்கு நன்கு எடுபடும்.

தோல் நிறம், உச்சரிப்பு, சமயம் ஆகியவற்றைக் கேலி செய்யும் துணுக்கை, அனுப்பியவர் சொந்த மாமாவே ஆனாலும், மேற்கொண்டு பகிராதீர்கள். சிங்கப்பூரில் 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது என்பதைவிட, அத்தகைய துணுக்கைப் படிக்கும் ஒரு பிள்ளையின் முகம் வாடும் என்பதே எனக்குப் பெரிய காரணமாகத் தோன்றுகிறது. தவறி அனுப்பிவிட்டால், உடனே அழித்துவிட்டு, ஒரே வரியில் வருத்தம் தெரிவித்துவிடுங்கள்.