அப்பா மறுபடி நடந்த கதை

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் செலுத்த முடியாத நிலை என்று தெரிந்ததும் பயத்தில் அவரைக் கட்டிலோடு முடக்கிவிட்டோம். தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை. இரண்டு மாதத்தில் குளியலறைக்குப் போய் வந்தாலே மூச்சு இரைத்தது.

மருந்து சரியாகத்தான் இருந்தது, தொடைதான் சூம்பிப்போயிருந்தது. கால் தசை கரைவதும் மூச்சு வாங்க ஒரு காரணம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி தருவது பற்றி 2009இல் வெளிவந்த ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் நிலை சீராக இருந்த 2,331 நோயாளிகள் இருந்தார்கள். பயிற்சி பாதுகாப்பானது என்றே அதில் தெரிந்தது. டாக்டரும் சரி என்றார். 6 நிமிட நடைச் சோதனையில் அப்பா 190 மீட்டர் நடந்தார், இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்று.

முதலில் வாட்சில் நாடித்துடிப்பைப் பார்த்து நடக்க வைத்தோம். அது தப்பு. பீட்டா பிளாக்கர் என்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. 90ஐத் தாண்டவில்லையே என்று நம்பினோம்; மறுநாள் முழுக்கச் சோர்ந்து கிடந்தார். அப்புறம் பேச்சையே அளவாக வைத்தோம். நடந்துகொண்டே ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல வேண்டும், பேச்சு துண்டானால் நாற்காலி. மொட்டைமாடியில் 2 நிமிட நடை, 1 நிமிட ஓய்வு, ஐந்து சுற்று. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது பத்து முறை.

உடலில் நீர் தேங்குகிறதா என்று தெரிய, தினமும் காலையில் எடை பார்ப்போம். ஒருமுறை 3 நாளில் 2 கிலோ ஏறியது, கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. நடையை நிறுத்தி டாக்டருக்குப் போன் செய்தோம். நீர் மாத்திரையின் அளவை மாற்றினார்.

மூன்று மாதத்தில் 310 மீட்டர். போன வாரம் பால் வாங்க அவரே தெருமுனைக்குப் போனார். திரும்பும்போது பையை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை.