கேபிளா, டிஷ்ஷா? கடலூர், புதுச்சேரியில் செட்டாப் பாக்ஸ் மாற்றும் முறை

கேபிள்காரரை மாற்றலாம் என்று கிளம்பினால் முதலில் மறிப்பது பெட்டிதான். ஒவ்வொரு நிறுவனமும் சேனல்களைத் தன் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறது. அடுத்தவர் பெட்டியில் அந்தப் பூட்டு திறக்காது. யாருடைய இணைப்புக்கும் பொருந்துகிற பெட்டி வேண்டுமென்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. பரிந்துரையோடு சரி.

படி 1: பெட்டி யாருடையது என்று ரசீதில் பாருங்கள். சொந்தமா, வாடகையா, டெபாசிட்டா? வாடகை என்றால், பழைய இணைப்பை விடும்போது ரிமோட், அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, பெட்டி எண் எழுதிய ரசீது வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் கேபிள் நிறுவனம் இலவசமாகத் தந்த பெட்டியும் திருப்பித் தரவேண்டியதே. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் குடிபோகிறவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய்ப் பயனில்லை.

படி 2: கட்டணத்தைப் பிரித்துக் கேளுங்கள். இணைப்புக் கட்டணம் 130, கட்டணச் சேனல்கள் 70 என்றால் 200 ரூபாய், 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 236. இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை டிராய் 2024 ஜூலையில் எடுத்துவிட்டதால், ஆளுக்கொரு விலை இருக்கலாம். பேக்கேஜ் கட்டாயமில்லை, தனிச் சேனலாகவும் கேட்கலாம். ஆனால் ஏழெட்டுக்கு மேல் போனால் பேக்கேஜே மலிவாக முடிவதுண்டு.

படி 3: டிஷ் என்றால் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பாருங்கள். மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷின் செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர்மேலே இருக்கிறது. கடலூரிலிருந்து அது தென்கிழக்கு, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி உயரம். டாடா பிளே (83) தெற்கிலிருந்து சற்றே கிழக்கு. ஏர்டெல் (108.2) நன்றாகக் கிழக்கே தள்ளி, 54 டிகிரிக்கு இறங்கிவிடும், கிழக்குப் பக்கம் தென்னை நின்றால் மறைக்கும். டிஷ்ஷின் முகம் பார்ப்பதைவிட உயரத்திலிருந்துதான் சிக்னல் இறங்குகிறது. கண்மதிப்பில் திருப்பினால் தப்பும், டிஷ்ஷைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட்டில் உள்ள டிகிரிக் கோட்டில் வையுங்கள். திரையில் ஸ்ட்ரெங்த் ஏறி குவாலிட்டி பூஜ்யமாகவே நின்றால், பெரும்பாலும் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறீர்கள். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

படி 4: புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழைய இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

இந்தக் கடலோரத்தில் அடிக்கடி கெடுவது பெட்டியல்ல, வயர் நுனியில் திருகும் எஃப் கனெக்டர். உப்புக்காற்றில் பச்சை பூத்து, படம் கட்டம் கட்டமாக உடையும். நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றிவிட்டு, வயரைக் கீழே தொங்கும் வளைவாக விடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.