மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் மாவுச்சத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

இன்சுலின் எதிர்ப்புக்கு, அதாவது உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத நிலைக்கு, மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர், "சோத்தைக் குறைங்க" என்றும் சொல்லி அனுப்புவார். சோறு, இட்லி, பால், சர்க்கரை எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்தை, அதாவது கார்போஹைட்ரேட்டை, எவ்வளவு குறைப்பது என்பதுதான் யாருக்கும் புரியாது.

1. மாத்திரை அட்டையைப் படியுங்கள்

மெட்ஃபார்மின் மட்டும் என்றால், உணவைக் கொஞ்சம் குறைப்பதால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். ஆனால் நம் ஊரில் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்து வருவது சகஜம். அட்டையில் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு என்று இருந்தால், டாக்டரிடம் பேசாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவை என்றாலும், மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது ஆபத்து. இன்சுலின் ஊசி, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் முதலில் டாக்டர்தான்.

இன்னொன்று. மெட்ஃபார்மினின் முக்கிய வேலை, கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டுவதைக் குறைப்பது. தட்டில் இருக்கும் சோற்றை அது தடுத்து நிறுத்தாது. "அதான் மாத்திரை போட்டாச்சே" என்று இன்னொரு கரண்டி வைத்துக்கொள்வதற்கு அர்த்தமே இல்லை.

2. இப்போது சாப்பிடுவதை அளங்கள்

எதையும் மாற்றாமல் நாலு நாள் எழுதிப் பாருங்கள். சமையலறைத் தராசில் காலித் தட்டை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, வழக்கம்போல் சோறு போடுங்கள். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. பலருக்குத் தட்டு 300 கிராமைத் தொடும். அதாவது 84 கிராம். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் இன்னும் சேரவில்லை.

சின்ன இட்லி ஒன்றுக்கு 10, நடுத்தரச் சப்பாத்திக்கு 15 முதல் 18, ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்கு 4 என்று தோராயமாகப் போடுங்கள். காபியை விட்டுவிடாதீர்கள். 100 மில்லி பாலில் 5, இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் 8. மூன்று காபி குடித்தால் 39. கிட்டத்தட்ட நாலு இட்லி!

3. வேளைக்கு ஓர் அளவு

நாள் கணக்கைவிட வேளைக் கணக்கு எளிது. 15 கிராமை ஒரு பங்காக வைத்து எண்ணுவது வழக்கம். வேளைக்கு மூன்று பங்கு, அதாவது 45 கிராம், பலருக்கு நல்ல தொடக்கம். உங்களுக்கான எண்ணை டாக்டரோ டயட்டீஷியனோ சொல்லட்டும். மதியத்துக்கு 125 கிராம் சோறு (35), சாம்பாருக்கு ஒரு 10. மிச்சப் பசிக்குக் கீரை, புடலங்காய்ப் பொரியல், முட்டை அல்லது மீன். எந்தக் கரண்டியில் எத்தனை போட்டால் 125 கிராம் வருகிறது என்று பார்த்துவைத்தால், அப்புறம் தராசு பரணுக்குப் போகலாம்.

காலையில் பட்டினி கிடந்து ராத்திரி பரோட்டாவில் ஈடு கட்டுவது உதவாது. சிறுதானியம் என்றாலும் அளவு உண்டு. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்குச் சுமார் 70 கிராம் மாவுச்சத்துதான். கூழாகக் கரைத்தால் இன்னும் வேகமாக ஏறும்.

4. வரிசையை மாற்றுங்கள்

காயும் முட்டையும் முதலில், சோறு கடைசியில். அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை மெதுவாக ஏறும். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது.

5. மாத்திரையும் சாப்பாடும்

மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட்டால் குமட்டல், வயிற்றுப்போக்கு குறையும். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

6. சோதியுங்கள்

குளுக்கோமீட்டர் இருந்தால், முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இட்லி நாளையும் சப்பாத்தி நாளையும் ஒப்பிட்டால் உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று தெரியும். படபடப்பு, வியர்வை வந்து 70-க்குக் கீழே காட்டினால், மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த நோட்டையும் கொண்டுபோங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் ஓடுகிறதென்றால் வைட்டமின் பி12 பரிசோதனை பற்றியும் கேட்டுவிடுங்கள்.