“ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்”: பொறியியல் ஆய்வு மாணவிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வுக்குழுவில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவி, சென்ற மாதம் மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்து, மூச்சு சீராகும்வரை கதவருகே நின்றுவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அவர் கையில் ஒரு குவளை நிறையப் பனிக்கட்டி இருந்தது. பேச்சுக்கு நடுவே ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். அதே படிகளில் நின்று, அதேபோல் பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு, நானும் இரண்டு ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், போதுமான அளவு தூங்குங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. எதையும் அளந்து, சரிபார்த்து, குறித்துவைக்கப் பழகிய பெண்கள், தங்கள் உடல் என்று வரும்போது மட்டும் அந்தப் பழக்கத்தைக் கைவிடுவதால் நேரும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

களைப்பைச் சோம்பல் என்று எண்ணுவது

என் ஆய்வு உலோகச் சோர்வைப் பற்றியது. ஒரு மாதிரித் துண்டின் மேல் விசையை ஒரு கோடி முறை ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும்; வினாடிக்கு 20 சுழற்சி வீதம் இயந்திரம் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு சோதனைக்கு ஏறக்குறைய 5.8 நாட்கள் பிடிக்கும். மூன்றாம் ஆண்டில், அந்த இயந்திரத்தின் அருகே உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஊக்கம் குறைந்துவிட்டது, ஒழுங்கு போய்விட்டது, இந்தப் படிப்புக்கு நான் தகுதியானவள்தானா என்றெல்லாம் என்னையே குற்றம் சாட்டிக்கொண்டேனே தவிர, உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அந்த ஆய்வகத்தில் நான் ஒருத்திதான் பெண். முடியவில்லை என்று நான் சொன்னால், அது என் ஒருத்தியின் களைப்பாகக் கருதப்படாமல், பெண்களால் இந்த வேலை முடியாது என்பதற்குச் சான்றாகிவிடும் என்று அஞ்சினேன். அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தது பெரிய தவறு.

அந்தத் தவறின் விலை என்னவென்று சொல்கிறேன். நான் நடத்திய சோதனையில் குறைந்தபட்ச விசைக்கும் உச்ச விசைக்கும் உள்ள விகிதம் 0.1. அப்படியானால் சராசரி விசை உச்ச மதிப்பில் 0.55 பங்கு; சராசரியிலிருந்து விசை மேலும் கீழும் மாறும் அளவான வீச்சு 0.45 பங்கு. இயந்திரத்தின் திரையில் வீச்சுக்கான கட்டத்தில் உச்ச மதிப்பையே உள்ளிட்டுவிட்டேன். திட்டமிட்டதைப்போல 1.55 மடங்கு விசை துண்டின்மேல் ஏறியது. இறங்கும்போதோ இழுவிசை அமுக்குவிசையாக மாறிவிட்டது. வாரக்கணக்கில் நானே தேய்த்து மெருகேற்றிய மூன்று துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. முதல் துண்டு முறிந்தபோதே திரையைப் பார்த்திருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யாமல், உலோகத்தின் தரம் சரியில்லை என்று ஆய்வுக் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதிவைத்தேன். புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, “அக்கா, அந்த எண் சரிதானா?” என்று கேட்ட பிறகுதான் பிழை தெரிந்தது.

அதன் பிறகும் நான் மருத்துவரிடம் போகவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை எந்த மாணவி சொல்லக் கேட்டாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆய்வேட்டைக் கொடுக்கும் நாள் நிலையானதன்று. அது தள்ளிப்போகும், அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வு வரும், திருத்தங்கள் வரும், வேலைக்கு விண்ணப்பிக்கும் காலம் வரும். ரத்தம் எடுக்கப் பத்து நிமிடம் போதும் என்பதை அறிந்தும் நான் இரண்டு ஆண்டுகளைத் தள்ளினேன்.

கடைசியில் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7.9 கிராம் இருந்தது. கருவுறாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டரில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்றும், 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. கருப்பையில் இருந்த நார்த்திசுக் கட்டியால் மாதந்தோறும் அளவுக்கு மீறி ரத்தம் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மாதவிலக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பஞ்சுப்பட்டையை மாற்ற வேண்டியிருந்தாலும், பெரிய கட்டிகளாக ரத்தம் வந்தாலும் அது இயல்பன்று. பனிக்கட்டியைக் கடிக்கும் அடங்காத ஆசை, படியேறும்போது மூச்சு வாங்குதல், கொத்தாக முடி உதிர்தல், நகம் குழிந்து கரண்டிபோல் ஆதல் ஆகியவை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களாக இருக்கலாம்.

பரிசோதனைக்குப் போகும்போது ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் கேட்டுப் பாருங்கள். உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பை அதுவே காட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். நலமாக உள்ள பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. உடலில் அழற்சி இருந்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதால், முடிவை மருத்துவரே படிக்க வேண்டும். தைராய்டுச் சுரப்புக் குறைந்தாலும் இதே களைப்புத் தோன்றும். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையை விழுங்கத் தொடங்காதீர்கள். தேவையில்லாதவர்களுக்கு அது தீங்கு செய்யும், ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியும் மறைந்துவிடும். மாத்திரை எழுதிக்கொடுத்தால் காபி, தேநீரோடு சேர்த்து எடுக்காதீர்கள். அவை இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். எண் சரியான பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காக ஏறக்குறைய மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். நடுவில் நிறுத்திவிட்டு மறுபடியும் படிகளில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தும் களைப்பு நீங்காவிட்டால், மனநல மருத்துவரிடம் போவதற்கும் இதே அக்கறை வேண்டும். 2018-இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியான ஓர் ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் 41 விழுக்காட்டினருக்கு மிதமானது முதல் கடுமையானதுவரை பதற்றம் இருந்தது. பெண்களில் அது 43, ஆண்களில் 34.

பனிக்கட்டிக் குவளையோடு என் அறைக்கு வந்த அந்த மாணவியை மறுநாளே பரிசோதனைக்கு அனுப்பினேன். அவருடைய ஃபெரிட்டின் 6.

குளிரைப் பொறுத்துக்கொள்வது

கணினி ஆய்வகத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு விறைத்த விரல்களோடு தட்டச்சு செய்வது உங்கள் உடலின் குறை அன்று. அலுவலக வெப்பநிலையை வகுக்கும் கணக்கீட்டில், 40 வயதுள்ள 70 கிலோ எடை ஆணின் வளர்சிதைமாற்ற வீதமே அடிப்படையாக எடுக்கப்பட்டது என்பதை 2015-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த கட்டுரை எடுத்துக்காட்டியது. வெப்பநிலையைக் கூட்டச் சொல்லுங்கள்.

தொளதொளத்த கையுறை

உங்கள் கைக்குச் சரியான அளவைக் கேட்டு வாங்குங்கள்; சுழலும் இயந்திரத்தின் அருகே எந்த அளவுக் கையுறையும் கூடாது.

எல்லாக் குழுக்களிலும் இடம்பெறுவது

துறையில் பெண்கள் குறைவு என்பதால், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெண் வேண்டுமென்று ஒரே பெண்ணையே அழைப்பார்கள். விருந்தினரை வரவேற்பது, கூட்டக் குறிப்பை எழுதுவது, சிற்றேட்டுக்குப் படம் எடுத்துக்கொள்வது என எல்லாம் அவர் தலையில் வந்து விழும். நான் ஒரு பருவம் முழுவதும் இவற்றுக்குச் செலவான மணிகளைக் குறித்துவைத்து, அந்தத் தாளை என் நெறியாளரிடம் காட்டினேன். அவர் அதுவரை அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை. ஆண்டுக்கு ஒரு குழு போதும் என்று அன்றே முடிவாயிற்று.

விடுப்பு விதிகளை நோய் வந்த பிறகு தேடுவது

நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கருவுற்றதை மூன்று மாதம்வரை சொல்லாதிருப்பது

உறவினரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆய்வகப் பாதுகாப்பு அதிகாரியிடம் மட்டும் உடனே சொல்லுங்கள். கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்கள் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. கருவுற்றதைத் தெரிவித்த பிறகு, வேலையால் கருவுக்குச் சேரும் கூடுதல் கதிரியக்க அளவு ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை. தெரிவித்தால்தான் அந்த வரம்பு உங்களைக் காக்கும். கரைப்பான்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். குறைகடத்தித் தொழிற்சாலைகளில் எத்திலீன் கிளைக்கால் ஈதர்கள் கலந்த கரைசல்களைக் கையாண்ட பெண்களிடையே கருச்சிதைவு கூடுதலாக இருந்ததை 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் நடந்த ஆய்வுகள் காட்டின; அதன் பிறகே அவை படிப்படியாகக் கைவிடப்பட்டன. உங்கள் அலமாரியில் உள்ள ஒவ்வொரு புட்டிக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்கும். கருவுற எண்ணும்போதே அவற்றில் இனப்பெருக்க நச்சுத்தன்மை பற்றிய பகுதியைப் படித்து, விலக்க வேண்டியவற்றின் பட்டியலை எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.