உங்கள் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து எங்கே போனாலும் இதே பேச்சுதான். மைலேஜ் குறைந்துவிட்டது, ரப்பர் டியூப் வீணாகிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் தன் டேங்கில் உண்மையில் எத்தனை சதவீதம் எத்தனால் இருக்கிறது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலில் அதை அளப்போம். பிரேசிலில் வாடிக்கையாளர் கேட்டால் பங்க்காரர் இந்தச் சோதனையைக் கண்ணெதிரே செய்துகாட்ட வேண்டும், அது அங்கே விதி. நம் பங்க்குகளில் கேட்டுப் பெறக்கூடிய ஃபில்டர் பேப்பர் சோதனை எத்தனால் அளவைச் சொல்லாது, அதனால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

தேவையானவை: மூடி போட்ட 100 மில்லி கண்ணாடி மெஷரிங் சிலிண்டர் (பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும்), உப்பு, தண்ணீர், கையுறை. அடுப்பு, பீடி, சுவிட்ச் போர்டு எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த மொட்டைமாடி. இதில் மட்டும் சமரசமே வேண்டாம், பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்தில் இருக்கிற நெருப்பைக்கூடப் பிடிக்கும்.

படி 1. 10 கிராம் உப்பைத் தண்ணீரில் போட்டு, மொத்தம் 100 மில்லி வருமாறு கரைத்து வையுங்கள். உப்பு இருந்தால் பெட்ரோலும் தண்ணீரும் தெளிவாகப் பிரியும்.

படி 2. கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் திருகை மூடி, டியூபைக் கழற்றி, திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். இன்ஜெக்ஷன் வண்டி என்றால் மெக்கானிக்கிடம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள்.

படி 3. சிலிண்டரில் சரியாக 50 மில்லி பெட்ரோல். அதன் மேல் 100 கோடு வரை உப்புத் தண்ணீர். மூடியை இறுக்கிப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். இடையிடையே மூடியைத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். பாட்டில் மருந்து மாதிரி வேகமாகக் குலுக்கினால் பால் போலக் கலங்கிவிடும், அப்புறம் தெளிய வெகு நேரம் ஆகும்.

படி 4. 15 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்தான் பிடிக்கும், அதனால் பெட்ரோலை விட்டு இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர், நடுவில் ஒரு கோடு. முதலில் 50இல் இருந்திருக்க வேண்டிய அந்தக் கோடு இப்போது மேலே ஏறியிருக்கும். கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

படி 5. கோடு 50க்கு மேல் எத்தனை மில்லி ஏறியதோ அதை இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 59.5இல் நின்றால் 9.5 × 2 + 1 = 20 சதவீதம். 54.5 என்றால் 10. கோடு அசையவே இல்லை என்றால் எத்தனால் இல்லை.

சோதித்த பெட்ரோலை டேங்கில் திருப்பி ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் கழிவு எண்ணெய் சேர்க்கிற கேனில் சேர்த்துவிடுங்கள்.

சரி, 20 என்று வந்துவிட்டது, என்ன செய்வது? ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஆகவே 20 சதவீதக் கலப்பில் கணக்குப்படி 7 சதவீதம் போகும். முன்பு போட்ட 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் அதில் பாதிதான். மைலேஜ் அதைவிட நிறைய விழுந்திருந்தால் எத்தனாலை மட்டும் குறை சொல்லாமல் ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்றையும் பாருங்கள். பழைய வண்டியில் பெட்ரோல் டியூப் உப்பியிருக்கிறதா, விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிகிறதா என்று சர்வீஸின்போது கேட்டு மாற்றிவிடுங்கள், அதற்கு ஆகும் செலவு சொற்பம். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துகிறவர்கள் டேங்க் மூடி ரப்பரைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டி இறங்கினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தங்கிவிடும், இன்ஜினுக்குப் போவதும் அந்த அடியில் இருப்பதுதான்.

பெட்ரோலிலும் எத்தனாலிலும் இரண்டின் கலப்பிலும் ஓடக்கூடிய ஃபிளெக்ஸ் ஃபியூயல் வண்டிகளுக்கு இந்தக் கவலை குறைவு. சென்ஸார் வழியாகக் கலப்பு என்ன என்று கணித்து, இன்ஜெக்டர் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை வண்டியே மாற்றிக்கொள்ளும். பிரேசிலில் 2003இல் ஃபோக்ஸ்வேகனின் ‘கோல்’ என்ற கார் இப்படி வந்தது. அங்கே ஓட்டுநர்களுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் போடு, மேலே போனால் பெட்ரோல் போடு. எனக்கு இதில் பிடித்தது, இரண்டு விலையும் தனித்தனியாகப் பலகையில் இருப்பதும் முடிவு ஓட்டுகிறவர் கையில் இருப்பதும்தான். நமக்கும் அது வேண்டும்.

டிவிஎஸ் 2019இலேயே எத்தனாலில் ஓடும் அப்பாச்சியைக் கொண்டுவந்தது, ஹோண்டா 2024இல் சிபி300எஃப் ஃபிளெக்ஸ் ஃபியூயலை விட்டது. வாங்க நினைத்தால் ஷோரூமுக்குப் போகும் முன்பே, இ85 (85 சதவீதம் எத்தனால் கலந்தது) விற்கும் பங்க் நீங்கள் தினமும் போகிற வழியில் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் வெறும் இ20 போட்டுத்தான் ஓட்டுவீர்கள்.