எஞ்சின் ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதா? வெயிட் வைக்கிறதுக்கு முன்னாடி டயர பாருங்க

எங்க நாலறை வீட்டு ஹால்ல சுவரோரமா என்-கேஜ் மாடல் ரயில் ஓடுது, 9 மில்லிமீட்டர் தண்டவாளம், எட்டு பெட்டி. எட்டுக்குக் கம்மியா ஓட்ட எனக்கு மனசு வராது, சின்ன வயசுல அப்பா கைய புடிச்சுக்கிட்டு சிங்கப்பூர் தஞ்சோங் பகார் ஸ்டேஷன்ல கோலாலம்பூர் ரயில் ஏறினவன், 2011 ஜூன் 30 ராத்திரி அங்கேருந்து கடைசி ரயில் கிளம்புனப்பவும் அந்தக் கூட்டத்துல நின்னவன். அந்த நீளம் இருந்தாத்தான் எனக்கு அது ரயில்.

கொஞ்ச நாள் முன்னாடி எஞ்சின் மேம்பாலத்து ஏத்தத்துல நின்ன எடத்துலயே சக்கரம் சுத்த ஆரம்பிச்சிருச்சு. மூனு வாரம் ஆச்சு சரி பண்ண. அத அப்படியே வரிசையா சொல்றேன்.

மொதல்ல கடைசிப் பெட்டிய கையால லேசா புடிங்க, எஞ்சின் சக்கரத்த பாருங்க. சக்கரம் வழுக்கிக்கிட்டே சுத்துதா, பிடிமானம்தான் பிரச்சன. சக்கரமும் நின்னு மோட்டாரும் முனகுதுன்னா கரண்ட்டோ மோட்டாரோதான் பிரச்சன, உடனே பவர் கட் பண்ணுங்க, சூடாயிரும். மோட்டார் சத்தம் நல்லா வருது ஆனா சக்கரம் அசையல, இல்ல டக் டக்னு குதிச்சுக் குதிச்சு ஓடுது, அப்ப பெரும்பாலும் பல்சக்கரம் வெடிச்சிருக்கும். இத பாக்காம யாரும் திருப்புளிய கையில எடுக்காதீங்க.

அடுத்து பெட்டிங்க. 50 சென்டிமீட்டர் நேர் தண்டவாளத்துல ஒரு முனைய 1 சென்டிமீட்டர் தூக்குங்க, அதாவது 2 விழுக்காடு சரிவு. நல்ல பெட்டி தானா உருளும். என்கிட்ட ரெண்டு உருளல, ஒன்னுல அச்சுல தலைமுடி சுத்தியிருந்துச்சு, இன்னொன்னு லைட் வச்ச பெட்டி, கரண்ட் எடுக்குற தகடு சக்கரத்த ரொம்ப அழுத்திக்கிட்டு இருந்துச்சு.

தண்டவாளத்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால தொடைங்க. மணல்தாள் வேண்டவே வேண்டாம், கீறல்ல அழுக்கு போயி உக்காந்துக்கும். எஞ்சின் சக்கரத்துக்கு, ஆல்கஹால் நனைச்ச டிஷ்யூவ தண்டவாளத்துக்குக் குறுக்க போட்டு, முன்பக்க சக்கரங்கள அதுமேல வச்சு பின்பக்க சக்கரங்க தண்டவாளத்துலயே இருக்கட்டும், எஞ்சின கையால புடிச்சுக்கிட்டு பவர் குடுங்க, டிஷ்யூவுல கருப்புக் கோடு விழும். வெள்ளையா வர வரைக்கும் எடத்த மாத்தி மாத்திப் பண்ணுங்க.

இப்பதான் என்னை மூனு வாரம் அலைய வச்ச எடம். நெறைய எஞ்சின்ல ரெண்டு சக்கரத்துல மெல்லிசா ரப்பர் டயர் இருக்கும், இழுக்குற சக்தியே பெரும்பாலும் அதுலதான். என்னோடது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, கிழியல, மூனு தடவ தொடைச்சேன், அப்பவும் வழுக்கல் நிக்கல. கடைசில வெள்ளப் பென்சிலால டயர்லயும் சக்கரத்துலயும் நேருக்கு நேரா ஒரு புள்ளி வச்சு ஓட்டிப் பாத்தேன். ஒரே ஏத்தத்துல ரெண்டு புள்ளியும் எதிரெதிரா போயிருச்சு! டயர் தண்டவாளத்த புடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது, அதுக்குள்ள சக்கரம் மட்டும் சுத்துது. அச்சுக்கு நான் போட்ட எண்ணெய் ஒழுகி ரப்பர் ஊறி உப்பி லூசாயிருக்கு.

டயர் மாத்துறப்ப பழசப் பல்குச்சியால கழட்டுங்க. சக்கரத்துல இருக்குற பள்ளத்துல ஒட்டியிருக்குற பிசுக்க ஆல்கஹால் தொட்டு சுத்தமா எடுங்க, இத விட்டுட்டா புது டயரும் அதே மாதிரி வழுக்கும். அதே மாடலுக்கு உள்ள டயரே வாங்குங்க, தடிமனா போட்டா பக்கத்து சக்கரம் தண்டவாளத்துல இருந்து தூக்கிக்கும், கரண்ட் விட்டு விட்டு வரும். முனை மழுங்குன இடுக்கிதான் என் சாய்ஸ், கூரானது ரப்பரக் கிழிச்சிரும். போட்டதும் முறுக்கு இல்லாம இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. டயருக்குப் பதிலா தடவுற திரவ ரப்பர நான் சிபாரிசு பண்ண மாட்டேன், கை நடுங்குனா ஒரு பக்கம் தடிச்சுப் போயி எஞ்சின் ஆடும். இனிமே எண்ணெய் ஊசி முனைல ஒரு சொட்டுதான், அதுவும் பிளாஸ்டிக்க அரிக்காதது.

எவ்வளவு மாறுச்சுன்னு அளக்க சமையல் தராசு போதும். மேசை விளிம்புக்கு நேர் கீழ தராச வச்சு, அதுல ஒரு காசுப் பைய வச்சு, பையில நூல கட்டி, மேசை விளிம்புல வழவழன்னு ஒரு கம்பி மேல வளைச்சு எஞ்சினோட கொக்கில மாட்டுங்க. எஞ்சின் இழுக்கும்போது தராசுல எவ்வளவு கொறையுதோ அதான் இழுவை. என் எஞ்சின் 90 கிராம், முன்னாடி 12 கிராம் இழுத்துச்சு, டயர் மாத்துனதும் 28. 3 விழுக்காடு ஏத்தத்துல எட்டு பெட்டிக்கும் எனக்குக் கிட்டத்தட்ட 16 கிராம் தேவ, அதான் முன்னாடி ஏறல.

இவ்வளவும் பண்ணியும் பத்தலன்னா மட்டும் வெயிட். டங்ஸ்டன் கலந்த பிசையுற மாவுதான் (புட்டி) எனக்குப் புடிக்கும், ஈயம் அளவுக்கு நச்சு பயம் இல்ல. ஓட்டுற சக்கரங்களுக்கு நடுவுல வைங்க, ஒரு பக்கமா சாயக்கூடாது.

அப்டேட்: ஒரு தம்பி எழுதியிருந்தாரு, "அண்ணே, தண்டவாளத்துக்குக் கரண்ட் குடுக்குற பவர் பேக் பக்கத்துல நல்லா இழுக்குது, ஹாலோட அந்தக் கோடில மட்டும் சோந்து போகுது"ன்னு. தம்பி, அது டயர் இல்ல. ரயில ஓட விட்டு ரெண்டு எடத்துலயும் மல்டிமீட்டர் வச்சு வோல்ட் பாருங்க, தூரத்துல கொறஞ்சா அங்க தனியா ரெண்டு ஒயர் இழுங்க, சிம் லிம் டவர்ல ஒயர் கெடைக்கும். இன்னொருத்தர் வளைவுல மட்டும் நிக்குதுன்னாரு. வளைவும் ஏத்தமும் ஒரே எடத்துல வந்தா இழுவை ரெண்டு பக்கமும் அடி வாங்கும், ஏத்தத்த நேர் தண்டவாளத்துக்கு மாத்திப் பாருங்க.