டிஜிட்டல் கேமராவிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றுவது எப்படி? ஒரு படம்கூடத் தொலையாத வழி

கைப்பேசிகள் வந்த பிறகும் நல்ல டிஜிட்டல் கேமரா வைத்திருக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அதில் எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்றத் தெரியாமல், காதுகுத்து, புதுமனை புகுவிழா, பிள்ளையின் முதல் பிறந்தநாள் என்று பல ஆண்டுப் படங்களை ஒரே மெமரி கார்டில் வைத்திருப்பவர்களும் நிறையவே இருக்கிறார்கள். 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அந்தச் சிறு கார்டு பழுதானால் அத்தனையும் போய்விடும். காதுகுத்தை இன்னொரு முறை நடத்திப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வேலை கடினமானது அல்ல. வரிசைதான் முக்கியம். முதலில் பிரதி எடுக்க வேண்டும். அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கார்டைக் காலி செய்ய வேண்டும். கீழே உள்ள விளக்கம் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளுக்கானது. மேக், லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கான குறிப்பு பின்னால் வருகிறது.

கேபிளா, கார்டு ரீடரா?

கேமராவைக் கேபிள் மூலம் கணினியுடன் நேரடியாக இணைக்கலாம். அல்லது கார்டை வெளியே எடுத்து, கார்டு ரீடர் என்ற சிறு கருவியில் செருகி, அதைக் கணினியில் சொருகலாம். நான் கார்டு ரீடரையே பரிந்துரைப்பேன். கேபிள் வழியில் கேமராவின் பேட்டரி கடைசி வரை தாங்க வேண்டும். சில கேமராக்கள் சிறிது நேரம் கழித்துத் தாமாகவே அணைந்துவிடும். கேபிளைத் தேடுவது அதைவிடப் பெரிய வேலை. பழைய கேமராக்களில் மினி யூஎஸ்பி, அடுத்து வந்தவற்றில் மைக்ரோ யூஎஸ்பி, புதியவற்றில் டைப் சி என்று முனைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. முனை பொருந்தினாலும், சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும் கேபிளாக இருந்தால் கணினிக்குக் கேமரா இருப்பதே தெரியாது.

கார்டு ரீடர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. யூஎஸ்பி 3.0 என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். கணினியிலும் அதற்கான துளையில் சொருகுங்கள். பெரும்பாலும் அதன் உள்ளே நீல நிறம் இருக்கும். பழைய யூஎஸ்பி 2.0 வழியில் நடைமுறையில் நொடிக்கு ஏறக்குறைய 30 மெகாபைட்தான் போகும். 16 ஜிபி கார்டு நிறைந்திருந்தால் ஒன்பது, பத்து நிமிடங்கள் ஆகும்.

மடிக்கணினியின் பக்கவாட்டிலேயே கார்டு செருகும் துளை இருந்தால் தனி ரீடர் தேவையில்லை. ஆனால் மிகப் பழைய மடிக்கணினிகளின் துளைகள் 32 ஜிபி வரையிலான கார்டுகளை மட்டுமே படிக்கும். 64 ஜிபி கார்டைச் செருகியதும் கணினி பேசாமல் இருந்தால் கார்டு பழுது என்று பயப்பட வேண்டாம். புதிய ரீடரில் போட்டுப் பாருங்கள்.

கைப்பேசிச் செயலி வழியாக மாற்றுவது எளிதாகத் தெரியும். வீட்டில் பாதுகாத்து வைக்க அது ஏற்றதல்ல. நிக்கானின் ஸ்நாப்பிரிட்ஜ் செயலி, படம் எடுத்தவுடன் தானாக அனுப்பும் அமைப்பில், 2 மெகாபிக்சலாகச் சுருக்கிய பிரதிகளையே அனுப்புகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்களும் சுருங்கித்தான் போய்ச் சேரும். மூலப் படம் கார்டில்தான் இருக்கிறது. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் படி: கார்டை வெளியே எடுங்கள்

கேமராவை அணைத்துவிட்டு, சிறு விளக்கு ஏதாவது மின்னிக்கொண்டிருந்தால் அது நிற்கும் வரை பொறுத்திருங்கள். கேமரா அப்போது கார்டில் எழுதிக்கொண்டிருக்கும். பல கேமராக்களில் கார்டு அடிப்பக்கத்தில், பேட்டரி இருக்கும் அதே மூடிக்குள் இருக்கும். பிடித்து இழுக்கக் கூடாது. விரல் நுனியால் உள்ளே லேசாக அழுத்தினால் கார்டு தானே மேலெழும்பும்.

இப்போது கார்டைக் கையில் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் உள்ள பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும்; வெட்டுப்பட்ட மூலை வலது மேற்பக்கத்தில் வரும். இடது ஓரத்தில் நகத்தால் நகர்த்தக்கூடிய ஒரு மிகச் சிறிய பிளாஸ்டிக் பொத்தான் தெரிகிறதா? அதைக் கீழ்நோக்கித் தள்ளினால் கார்டு பூட்டப்படும். படங்களைப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். ஆனால் கணினியால் அதில் எதையும் அழிக்க முடியாது. கைதவறி எதை அழுத்தினாலும் படங்களுக்கு ஆபத்து வராது. முதல்முறை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. பூட்டிவிட்டே அடுத்த படிக்குப் போங்கள். விரல்நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டில் இந்தப் பொத்தான் இருக்காது. அதைச் செருகும் பெரிய உறையில் இருக்கும். பின்பக்கத்தில் உள்ள பொன்னிறத் தகடுகளை மட்டும் விரலால் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: படங்களுக்கு இடம் ஒதுக்குங்கள்

கார்டைச் செருகும் முன்பே, படங்கள் எங்கே போய்ச் சேரப்போகின்றன என்று முடிவு செய்துவிட வேண்டும். விசைப்பலகையில் விண்டோஸ் விசையுடன் ஈ எழுத்தை அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். டி டிரைவ் இருந்தால் அதில் 'குடும்பப் படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். வலது கிளிக் செய்து, நியூ, ஃபோல்டர் என்று தேர்ந்தெடுத்தால் போதும். பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம்.

விண்டோஸ் தானே தரும் பிக்சர்ஸ் ஃபோல்டரில் ஏன் வைக்கக் கூடாது என்று கேட்கலாம். பல கணினிகளில் அது ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்புடன் இணைந்திருக்கும். அதில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். ஒரு கல்யாணப் படங்களைப் போட்டாலே நிறைந்து, இடமில்லை என்று எச்சரிக்கைகள் வரத் தொடங்கும். தொடக்கத்திலேயே தனி ஃபோல்டர் வைத்துக்கொள்வது நிம்மதி.

அதற்குள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் உள் ஃபோல்டர் போடுங்கள். பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையைப் பின்பற்றுங்கள்: '2024-11-17 காதுகுத்து'. இப்படி எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். நாளை முதலில் எழுதினால் வெவ்வேறு ஆண்டுகளின் 17-ஆம் தேதிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து நிற்கும்.

மூன்றாம் படி: கார்டைத் திறந்து பாருங்கள்

கார்டை ரீடரில் செருகிக் கணினியில் சொருகியதும், என்ன செய்ய வேண்டும் என்று விண்டோஸ் ஒரு சிறு பெட்டியில் கேட்கலாம். அதை மூடிவிடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் திஸ் பிசி என்பதைச் சொடுக்கினால், புதிதாக ஒரு டிரைவ் வந்திருப்பது தெரியும். அதுதான் உங்கள் கார்டு.

அதற்கு மாறாக, 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த அதை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்ற அறிவிப்பு வந்தால், தயவுசெய்து ஃபார்மட்டை அழுத்தாதீர்கள்; அது கார்டைக் காலி செய்துவிடும். கேன்சல் செய்துவிட்டு, கார்டை வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். மீண்டும் கேமராவில் போட்டுப் படங்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். கேமராவில் தெரிந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, ரீடரில்தான் குறை.

கார்டுக்குள் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் இருக்கும். எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் படங்கள் இந்தப் பெயருள்ள ஃபோல்டரில்தான் சேரும். கேமரா நிறுவனங்கள் எல்லாம் பின்பற்றும் பொது விதி அது. அதற்குள் 100, 101 என்ற எண்களில் தொடங்கும் உள் ஃபோல்டர்கள் இருக்கும். ஒன்றைத் திறந்து, எல்லாப் படங்களும் அதில்தான் இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

வீடியோ எடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. சோனி கேமராக்கள் பல வகை வீடியோக்களை டிசிஐஎம் ஃபோல்டரில் வைப்பதில்லை. பிரைவேட் என்ற வேறொரு ஃபோல்டருக்குள் வைக்கின்றன. படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கார்டை அழித்துவிட்டு, பிள்ளை ஆடிய நடனத்தைத் தேடுவது எவ்வளவு வேதனை! நீளமான வீடியோக்களைச் சில கேமராக்கள் 4 ஜிபி அளவில் துண்டுகளாகப் பிரித்து எழுதும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கார்டின் ஃபைல் அமைப்பு அதற்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. பள்ளி ஆண்டுவிழா வீடியோ மூன்று ஃபைல்களாக இருந்தால் மூன்றும் வேண்டும்.

நான்காம் படி: பிரதி எடுங்கள்

நல்ல படங்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் வேலையை இப்போது செய்ய வேண்டாம். கார்டில் உள்ள அத்தனையையும் எடுங்கள். கழிப்பதைப் பிறகு கணினியில் நிதானமாகச் செய்யலாம். கார்டின் முதல் பக்கத்துக்கு வந்து, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஏ எழுத்தை அழுத்துங்கள். எல்லா ஃபோல்டர்களும் தேர்வாகும். அடுத்து கன்ட்ரோலுடன் சி. நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலுடன் வி. பச்சைப் பட்டை நகரத் தொடங்கும்.

கன்ட்ரோலுடன் எக்ஸ் அழுத்தினால் அது கட். அதைப் பயன்படுத்தவே கூடாது. கார்டு பூட்டப்படாமல் இருந்தால், கட் செய்து ஒட்டும்போது ஒவ்வொரு படமும் கணினிக்குப் போனதும் கார்டிலிருந்து மறைந்துகொண்டே வரும். நடுவில் மின்சாரம் போனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிக்க நேரிடும். காப்பி செய்யும்போது என்ன ஆனாலும் மூலப் படம் கார்டில் அப்படியே இருக்கும். மின்சாரம் வந்ததும் மறுபடி தொடங்கலாம்.

ஒரே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது என்று விண்டோஸ் சொன்னால் அவசரப்பட்டு ரீப்ளேஸ் அழுத்தாதீர்கள். கேமராக்கள் பொதுவாகப் படங்களுக்கு 9999 வரை எண் கொடுத்துவிட்டு மீண்டும் 0001-க்கு வந்துவிடும். ஆகவே ஒரே பெயர் என்றால் ஒரே படம் என்று அர்த்தமில்லை. பழைய படம் அழிந்து புதியது அந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் புதிய ஃபோல்டரில் ஒட்டினால் இந்தக் கேள்வியே எழாது.

ஐந்தாம் படி: எண்ணிப் பாருங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. கார்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். இத்தனை ஃபைல்கள், இத்தனை ஜிபி என்று காட்டும். உதாரணமாக 812 ஃபைல்கள், 6.4 ஜிபி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியில் ஒட்டியவற்றையும் அதே முறையில் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். 811 என்று வந்தால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. மீண்டும் ஒட்டி, இந்த முறை ஸ்கிப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் விடுபட்டது மட்டும் வந்து சேரும்.

பிறகு தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் சில படங்களைத் திறந்து முழுத் திரையில் பாருங்கள். படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்த ஃபைல் சரியாக வந்து சேரவில்லை. வீடியோக்களையும் சிறிது ஓட்டிப் பாருங்கள்.

ஆறாம் படி: இன்னொரு பிரதி

அதே கணினியின் சி டிரைவில் ஒன்றும் டி டிரைவில் ஒன்றும் வைத்தால் அது இரண்டு பிரதி ஆகாது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்கின் பகுதிகள்தான். டிஸ்க் போனால் சேர்ந்தே போகும். வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை முழு 'குடும்பப் படங்கள்' ஃபோல்டரையும் அதில் பிரதி எடுங்கள். வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். கூகுள் கணக்கில் இலவசமாக 15 ஜிபி கிடைக்கிறது. அது ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான் என்பதால், மிக முக்கியமான படங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

ஏழாம் படி: கார்டைக் காலி செய்யுங்கள்

கார்டு டிரைவின் மீது வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பூட்டுப் பொத்தானை மேலே தள்ளிவிட்டுக் கேமராவில் செருகுங்கள். இல்லாவிட்டால் கார்டு பூட்டியிருக்கிறது என்று கேமரா படம் எடுக்க மறுக்கும். படங்களைக் கணினியில் வைத்து ஒவ்வொன்றாக அழிப்பதைவிட, கேமராவின் மெனுவில் உள்ள ஃபார்மட் மூலம் காலி செய்வதே நல்லது. தனக்கு வேண்டிய ஃபோல்டர்களைக் கேமரா தானே புதிதாக அமைத்துக்கொள்ளும். இதே நேரத்தில் கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நெடுநாள் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமரா பழைய ஆண்டுக்குத் திரும்பியிருக்கும்.

மேக் கணினியில் இமேஜ் கேப்சர் என்ற செயலி முன்பே இருக்கிறது. கார்டைச் செருகி அதைத் திறந்தால், எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸில் டிஜிகேம், ஷாட்வெல் இரண்டும் இலவசம். மற்றபடி வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கு

பிரதி எடுக்கும் முன்பே கார்டை அழித்துவிட்டீர்கள் என்றால், அந்த நொடியிலிருந்து அதில் ஒரு புதிய படம்கூட எடுக்காதீர்கள். அழித்த படங்களின் தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் கார்டிலேயே இருக்கும். கார்டை வெளியே எடுத்துப் பூட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தேடுங்கள். பார்ப்பதற்குக் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாக இருந்தாலும் வேலையை நன்றாகச் செய்யும். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும். பழைய ஃபைல் பெயர்கள் போயிருக்கும். எல்லாம் புரியாத எண்களாக வந்து நிற்கும். ஆனால் படம் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். பிராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதியைத் திறந்து அந்தத் தேதியைப் பார்த்து, உரிய ஃபோல்டர்களில் பிரித்துப் போடலாம்.